நிக்கிற வண்டி வாரியம்

புஷ்பராணி இருபத்தெட்டு வருஷமாக மோட்டர் சைக்கிள் ஓட்டுகிறாள். தீவு நகரமான ஜோர்ஜ்டவுனில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது, அவளைத் தெரியாத பல் டாக்டரும் கிடையாது. சூலியா தெருவில் நஸீஹா நடத்துகிற லேப்பில் பல் செட்டுகள் செய்வார்கள். அவற்றை ஒவ்வொரு கிளினிக்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புஷ்பராணியின் வேலை. தீவில் பாதிப் பேர் சோறு மெல்வது தன் பின்சீட்டுப் பெட்டியின் புண்ணியத்தால்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அதை யாரும் மறுத்ததில்லை. மறுக்க வாய் திறந்தவர்களில் சிலர் அவள் கொண்டுவந்த பல்லைத்தான் மாட்டியிருந்தார்கள்.

போன வருஷக் கடைசியில் இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், மாடி ஏறலாம், மோட்டர்கூட ஓட்டலாம் என்றார் டாக்டர். ஓட்டவும் முடிந்தது. முடியாமல் போனது ஒன்றே ஒன்று: நிற்பது. வண்டி ஓடும் வரைக்கும் அவள் பழைய புஷ்பராணிதான். சிவப்பு விளக்கில் இடது காலைத் தரையில் ஊன்றியதும், தனக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல முட்டி மடங்கிக்கொள்ளும். வலது காலை ஊன்றலாமே என்று கேட்டவர்கள் எல்லாரும் கார் ஓட்டுகிறவர்கள். வலது கால் பிரேக்கில் இருக்கும், சாலை இடது பக்கம் சரிந்திருக்கும், பழக்கம் இடது காலில் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பர்மா சாலைச் சந்திப்பில் வண்டி மெள்ள, மிக மெள்ள, மரியாதையாகச் சாய்ந்து படுத்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி திறந்துகொண்டது. பதினொரு பல் செட்டுகள் தார்ச் சாலையில் சிதறிச் சிரித்தன. பச்சை விழுந்தும் ஒரு வண்டியும் நகரவில்லை. பஸ் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து மேல் வரிசை ஒன்றைக் கர்ச்சீப்பில் எடுத்து, "அக்கா, இதுக்கு ஜோடி எது?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

லேப்புக்குத் திரும்பியதும் நஸீஹா அவளை உட்கார வைத்தாள். நஸீஹாவுக்கு நாற்பது வயதுதான். முதலாளி என்றாலும் புஷ்பராணியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, இனிமே நீங்க கவுண்டர்ல உட்காருங்களேன். ஏர்கோன் இருக்கு."

"கவுண்டர்ல உட்கார நான் என்ன பூச்சாடியா?"

"அப்ப இன்னொண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது. புதுசா ஒரு மோட்டர் வந்திருக்கு. காலே ஊன வேணாம். தானா நிக்கும்."

புஷ்பராணி கோபித்துக்கொண்டாள். "தானா நிக்கிற வண்டிக்கு நான் எதுக்கு?"

மறுநாள் காலை தேநீர்க் கடையில் இதைச் சொன்னபோது, கந்தப்பு கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சுங்க இலாகாவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுபது வயது. நாற்பது வருஷமாக ஒரே கப்சாய் மோட்டர், அந்தக் காலத்துச் சின்ன வண்டி.

"விழாத வண்டி வண்டியே இல்ல தங்கச்சி. அது நாற்காலி."

"நாற்காலின்னா நாற்காலிதான்," என்றாள் எதிரில் இருந்த லீனா. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். "பன்னண்டு மணி நேரம் அதுலதான் உட்கார்றேன். நல்ல நாற்காலியா இருந்தா நல்லதுதானே லா, அங்கிள்?"

ஞாயிற்றுக்கிழமை நஸீஹா அவளைக் காரில் ஏற்றி, பாலம் தாண்டி ஜுருவுக்குக் கூட்டிப்போனாள். விற்பனைக் கூடத்தின் பின்னால் ஓட்டிப் பார்க்க இடம் இருந்தது. புஷ்பராணி ஏறி உட்கார்ந்தாள். இடது கால் தானாகத் தரைக்குப் போனது. "தூக்குங்க" என்றார் விற்பனையாளர். தூக்க மனம் வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணை மூடித் தூக்கினாள்.

வண்டி நின்றது.

இடுப்புக்குக் கீழே பொறுமைசாலி ஒருவர் உட்கார்ந்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சரிசெய்துகொண்டே இருப்பது போலிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். பிறகு ஒரு வட்டம் ஓட்டினாள். வளைவில் அவள் சாயப் போனபோது, 'நிச்சயமாகத்தானே?' என்று கேட்பது போல வண்டி ஒரு நொடி தயங்கியது. அது பிடிக்கவில்லை. வளைவில் சாய்வதற்கு அவள் இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

"என்னக்கா, வாங்கட்டுமா?"

"வாங்கு. ஆனா எனக்குப் புடிச்சதுன்னு கந்தப்பு அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

வண்டி வாங்குவது சுலபமாக இருந்தது. அதில் ஏறத்தான் வாரியம் இருந்தது.

தன்னிலையில் நிற்கும் இருசக்கர வாகன ஒழுங்கமைப்பு வாரியம் என்பது அதன் முழுப் பெயர். ஊரில் சுருக்கமாக 'நிக்கிற வாரியம்' என்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. கால் முடியாதவர்கள்தான் இந்த வண்டியைக் கேட்டு அதிகம் வருகிறார்கள் என்பதால், உண்மையான தேவை உள்ளவர்கள் யார் என்று படிகளே வடிகட்டிக் கொடுக்கும் என்று வாரியம் முடிவு செய்திருந்தது.

கவுண்டரில் ரொஸ்னா என்ற அதிகாரி இருந்தாள். நல்ல பெண். ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினாள். முதல் கேள்வி: 'விண்ணப்பதாரருக்குச் சுயமாகச் சமநிலை பேண இயலுமா?'

புஷ்பராணி 'ஆம்' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அக்கா, அதுல போடாதீங்க. இயலும்னா இந்த வண்டி தேவையில்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

பேனா 'இல்லை'க்குப் போனது.

"ஐயோ, அதுலயும் வேணாம். சமநிலை இல்லாதவங்க மோட்டர் ஓட்டக் கூடாது. வண்டி ஓட்டற லேசனும் போயிடும்."

"அப்ப எதுலதான் போடறது?"

ரொஸ்னா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல ஒரு கட்டம் நீங்களே வரைஞ்சு, 'சில வேளை'ன்னு எழுதி டிக் பண்ணுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அவள் கட்டம் வரைந்தாள். கட்டம் கோணலாக இருக்கிறது என்று ஒரு தடவை பாரம் திரும்பி வந்தது. கணவர் தயாளனின் ஸ்கேலை வாங்கிப்போய் மறுபடி வரைந்தாள்.

அடுத்தது ஆறு மணி நேரப் பயிலரங்கு. லீனாவும் வந்திருந்தாள். கந்தப்புவும் வந்திருந்தார். இந்தக் கூத்து எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார், ஆனால் பாரம் நிரப்பிப் பெயர் கொடுத்திருந்தார். திரையில் எண்பத்து நாலு படங்கள் காட்டினார்கள். முதல் நாற்பது வாரியத்தின் சின்னத்தைப் பற்றியது. சின்னத்தில் இருக்கும் இரண்டு வட்டங்கள் சக்கரங்கள் அல்ல, தலைவரும் துணைத்தலைவரும் என்று விளக்கினார்கள்.

பிறகு தலைவரே வந்தார். அரசுப் பட்டம் பெற்ற டத்தோ பாக்கியநாதன். வெள்ளைச் சட்டை, வெண்கலக் குரல்.

"பலர் என்னைக் கேட்கிறார்கள், டத்தோ, நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவீர்களா என்று. பெருமையோடு சொல்கிறேன், இல்லை! ஒரு முறைகூட ஏறியதில்லை. அதனால்தான் இந்தப் பொறுப்பை என்னிடம் நம்பிக் கொடுத்தார்கள். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கம் சாய்வு இருக்கும். எனக்குக் கிடையாது."

கைதட்டல்.

"வாரியம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில், நாங்கள் அனுமதி வழங்கிய ஒரு வண்டிகூட விபத்தில் சிக்கவில்லை!"

மறுபடி கைதட்டல். லீனா கையைத் தூக்கினாள். "எத்தனை வண்டிக்கு அனுமதி குடுத்தீங்க, டத்தோ?"

"தங்கையே, வெறும் எண்ணிக்கையை வைத்து ஒரு வெற்றியைக் குறுக்கிப் பார்க்கக் கூடாது."

முடிவில் உறுதிமொழி. எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக அமர்ந்து, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி, 'வாகனம் என்னைத் தாங்கும், நான் வாரியத்தைத் தாங்குவேன்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை சொல்லும்போது கந்தப்புவின் நாற்காலிக் கால் மடங்கி, அவர் பக்கவாட்டில் போய் லீனாவின் மடியில் விழுந்தார். வாரியத்தின் நிகழ்ச்சியில் நடந்த முதல் விபத்து அதுதான். நாற்காலி வாரியத்தின் அதிகார எல்லைக்குள் வராது என்பதால் அது பதிவாகவில்லை.

சோதனை அடுத்த வாரம். ஒடுக்கமான ஒரு நீளப் பலகை. அதன்மேல் வண்டியை மெதுவாக, விழாமல் ஓட்டிப் போக வேண்டும். சாதாரண லேசன் எடுத்த எல்லாரும் செய்ததுதான். வண்டி மட்டும் வாரியத்தின் தானாக நிற்கும் வண்டி. ஆள் குறைவு என்பதால் ரொஸ்னாவே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சோதனை அதிகாரியாக நின்றாள். புஷ்பராணி ஏறியதும், சமநிலைப் பொத்தானின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"ஒன்பதாம் சுற்றறிக்கை, அக்கா. பொத்தான் போட்டா வண்டி தானா நின்னுடும். அப்புறம் உங்க திறமை எப்படித் தெரியும்? அதனால ஆஃப் பண்ணி முத்திரை வச்சாச்சு. டத்தோ கையெழுத்து இல்லாம உடைக்கக் கூடாது."

புஷ்பராணி வண்டியைக் கிளப்பினாள். ஓடுகிற வண்டியில் அவளுக்கு என்ன பயம்? பலகையில் ஏற்றி, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து, மறுமுனையில் இறங்கினாள். நேரமும் எடுத்துக்கொண்டாள், பலகையை விட்டும் விலகவில்லை. காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

மாலையில் முடிவை ஒட்டினார்கள். லீனா தோல்வி. காரணம்: பலகையிலிருந்து விழுந்தார். புஷ்பராணி தோல்வி. காரணம்: விண்ணப்பதாரர் தாமே சமநிலை பேணினார். கந்தப்பு அரக்கு வைத்த வண்டியில் ஏற மாட்டேன் என்று கடைசி வரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் விழவும் இல்லை, தாமே சமநிலை பேணவும் இல்லை. அவருக்குத் தற்காலிகத் தேர்ச்சி.

"பொத்தானை ஆஃப் பண்ணது நீங்கதானே?" என்று ரொஸ்னாவிடம் கேட்டாள் புஷ்பராணி.

"ஆமாக்கா."

"அப்புறம் நான் பேணாம வேற யாரு பேணுவா?"

ரொஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் என்னக்கா செய்ய? அந்தக் கேள்விக்குப் பாரம் இல்ல."

கந்தப்புவுக்குத்தான் ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. தேர்ச்சிக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, இரண்டு நாள் தேநீர்க் கடைப் பக்கமே வரவில்லை.

வீட்டில் தயாளன் அவளுக்குத் தட்டில் சோறு போட்டார். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தர அறிக்கை எழுதுகிற வேலை அவருக்கு. மோட்டர் என்றாலே பயம். கல்யாணமான நாளிலிருந்து அவள் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்து பழகியவர்.

"போதும் புஷ்பா. விட்டுடு. நஸீஹா சொன்ன மாதிரி கவுண்டர்ல உட்காரு. இன்னொரு தடவ விழுந்தா அந்த முட்டி தாங்காது."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எனக்கு உட்காரத் தெரியாதுன்னு இல்லங்க. இந்த ஊர்ல ஒவ்வொரு சந்துலயும் திரும்பறப்ப, நானா திரும்பறேன். யாரும் சொல்லித் திரும்பல. அது போயிடுச்சுன்னா மிச்சம் இருக்கறது முட்டி மட்டும்தான்."

தயாளன் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். தொழிற்சாலைப் பழக்கத்தில் பத்திக்குப் பத்தி எண் போட்டு ஆறு பக்கம் எழுதினார். வாரியத்திடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: மேல்முறையீடு கனிவுடன் பரிசீலிக்கப்படும். அதுவரை, வாரியத்தின் மூன்றாம் ஆண்டு விழாவில் 'பயனாளி'யாக மேடையில் நிற்க அன்புடன் அழைக்கிறோம்.

"பயனே இன்னும் கிடைக்கலையே," என்றார் தயாளன்.

"நிப்போம்ங்க. நிக்கத்தானே கூப்பிடறாங்க."

விழா பாடாங் கோத்தா திடலில், கடலைப் பார்த்த மேடையில் நடந்தது. கொம்பாங் மேளம் கொட்டினார்கள். நடுவில் வாரியத்தின் வண்டி, கைப்பிடியில் ரிப்பன். டத்தோ அதில் ஏறி, இரண்டு கால்களையும் தூக்கி, பத்திரிகைகளுக்குக் காட்சி தர வேண்டும். இடது பக்கத்தில் பூங்கொத்தோடு புஷ்பராணி. முன்வரிசையில் நஸீஹா, தயாளன், லீனா. கந்தப்புவும் வந்து கடைசி வரிசையில் நின்றார்.

டத்தோ ஏறப் போகும்போது ரொஸ்னா ஓடி வந்தாள்.

"டத்தோ, ஒரு நிமிஷம். பொத்தான்ல முத்திரை இருக்கு. இன்னும் ஆஃப்லதான் இருக்கு."

"முத்திரையை உடைக்க என் கையெழுத்து வேண்டும் அல்லவா?"

"ஆமா டத்தோ. பாரம் மூணாவது மாடில இருக்கு."

"அப்படியானால் உடைக்காதீர்கள். நான் போட்ட விதியை நானே மீறுவதா? விதி என்றால் விதி!"

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பக்கத் தாங்கி படத்தில் விழக் கூடாது என்று ஒருவர் அதை மடக்கினார். டத்தோ கேமராக்களைப் பார்த்துப் புன்னகைத்து, கம்பீரமாக இரண்டு கால்களையும் தூக்கினார்.

வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கியது. அது எப்படிச் சாயும், எந்த இடத்தில் கனம் கூடும், எங்கே பிடித்தால் நிற்கும் என்பதெல்லாம் புஷ்பராணிக்கு யோசிக்காமலே தெரியும். பூங்கொத்து கீழே விழுந்தது. வலது காலைப் பலமாக ஊன்றி, இடுப்பை வண்டியின் பக்கவாட்டில் கொடுத்து, கைப்பிடியை இறுகப் பிடித்தாள். வண்டி நின்றது.

டத்தோ கீழே பார்க்கவே இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா! நான் ஒன்றும் செய்யவில்லை!" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "இதோ, சற்றும் சாயாமல் நிற்கிறேன். மூன்று ஆண்டுகளாக நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததன் பலனை இன்று நீங்கள் கண்கூடாகக் காண்கிறீர்கள்!"

முதலில் லீனா சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. டத்தோ அதை ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டு உரையை நீட்டினார்.

"விடு தங்கச்சி! விட்டுடு!" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினார் கந்தப்பு.

அவள் விடவில்லை. விழப் போகிறவரை விட மனம் வரவில்லை. அதோடு வண்டி நல்ல வண்டி. ஒன்பது நிமிஷம். வியர்வை காதோரம் வழிந்தது. கடைசியில் தயாளன் மேடையேறி மறுபக்கம் பிடித்துக்கொண்டார். மோட்டரைத் தானாகப் போய் அவர் தொட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

விழா முடிந்ததும் ரொஸ்னா தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு வரி: 'நிகழ்ச்சியின்போது வாகனத்தை நிலைநிறுத்திய சமநிலைக் கருவியின் பெயர்.' முத்திரை உடையவில்லை, பொத்தான் போடவில்லை. காலியாக விட்டால் அறிக்கை திரும்பி வரும். பொய் எழுதவும் அவளுக்கு மனமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள்: புஷ்பராணி.

அறிக்கை டத்தோவிடம் போனது. அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார். அங்கிருந்து தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. டத்தோவின் கையெழுத்து இருந்ததால் குழுவும் படிக்கவில்லை. மூன்று வாரத்தில் லேப்புக்கு ஒரு கனமான உறை வந்தது. நஸீஹா பிரித்துப் படித்தாள். நடுவில் இரண்டு முறை நிறுத்திச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முடிக்க முடிந்தது.

'புஷ்பராணி என்னும் சமநிலைக் கருவி ஒன்பது நிமிட நேரடிச் சோதனையில் முழுத் திறனுடன் இயங்கியதால், இதன்வழி அங்கீகரிக்கப்படுகிறது. இக்கருவி பொருத்தப்பட்ட எந்த இருசக்கர வாகனமும் எல்லாச் சாலைகளிலும் செல்லத் தகுதியுடையது.'

மூன்று ஆண்டுகளில் வாரியம் வழங்கிய முதல் அனுமதி அது.

"மேல போய்த் திருத்தித் தரச் சொல்லலாமாக்கா?" என்றாள் நஸீஹா.

"ஏம்மா? மூணு மாடி. எந்த வண்டியும்னு எழுதியிருக்கு. சாவியக் குடு."

அன்று புது வண்டியில் பெட்டியைக் கட்டி, பொத்தானைப் போட்டு, தண்ணீர்மலைப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் புறப்பட்டாள். வழியில் ஏழு சிவப்பு விளக்கு. ஏழிலும் கால் தரையைத் தொடவில்லை. முதல் மூன்றில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலாவதில் பக்கத்துக் காரில் இருந்த குழந்தைக்குக் கையசைத்தாள். வளைவில் வண்டி இன்னமும் ஒரு நொடி தயங்கியது. அவள் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டாம் வாரத்தில் அது தயங்குவதை விட்டுவிட்டதா, அவள் கவனிப்பதை விட்டுவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கந்தப்பு ஒரு நாள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சாவியைக் கேட்டார். எஸ்பிளனேட் கடற்கரை வரைக்கும் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, டயரில் காற்றுக் கொஞ்சம் குறைவு என்று மட்டும் சொன்னார்.

ஒரு வருஷம் முடிகிற சமயத்தில் வாரியத்திலிருந்து இன்னொரு பாரம் வந்தது. ஆண்டுச் சோதனைக்காக, கருவியை வாகனத்திலிருந்து கழற்றி, துடைத்து, உரிய உறையிலிட்டு மூன்றாம் மாடியில் ஒப்படைக்க வேண்டும். கூடவே விவரமும் நிரப்ப வேண்டும். தயாளன் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தயாரிப்பு ஆண்டு?"

"எழுபத்து மூணு."

"தேய்மானம்?"

"இடது முட்டி மட்டும்."

"கருவியின் உரிமையாளர்?" என்று படித்துவிட்டு, தயாளன் தன் பெயரின் முதலெழுத்தைப் போட ஆரம்பித்தார். பிறகு தலை நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். எழுத்தை அடித்தார். பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

அவள் 'யாருமில்லை' என்று பெரிதாக எழுதிவிட்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"கருவி வேலைக்குக் கிளம்புதுங்க. கறி அடுப்புமேல இருக்கு. சூடு பண்ணிப் போட்டுச் சாப்பிடுங்க."